ஒரு லிட்டர் கோடை

கோடைன்னு சொன்னதும் உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகத்துக்கு வருது? எனக்கு ஒரு பித்தளைச் சொம்பு.

எங்கப்பா சேலம் செவ்வாய்பேட்டையில சின்னதா ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை வெச்சிருந்தார். மே மாச வெயில், தகரக் கூரை, அதுக்குள்ள வெள்ளி உருக்குற அடுப்பு வேற. மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தா செருப்பைக் கூடக் கழட்ட மாட்டார். வாசப்படியில நின்னுக்கிட்டே அம்மா நீட்டுற சொம்பை வாங்கி, அண்ணாந்து, மடக் மடக்குன்னு ஒரே மூச்சுல காலி பண்ணுவார். தொண்டைக்குழி ஏறி இறங்குறதை நானும் தங்கச்சியும் எண்ணுவோம். பதினாலு, பதினஞ்சு வரைக்கும் போகும். கடைசியில ஒரு 'ஹாஆஆ' வரும் பாருங்க, அதுதான் எங்க வீட்டுக் கோடைக்குப் பின்னணி இசை :-)

அப்ப எங்க கோடைக்கு ஒரு லிஸ்ட் இருந்துச்சு. மார்ச் கடைசியில புதுப் பானை. ஏப்ரல்ல மொட்டை மாடியில வடாம். முழுப்பரிட்சை முடிஞ்ச அன்னிக்கு தர்பூசணி. மே மாசம் முழுக்கக் கூடை கூடையா மாம்பழம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடைவீதி, வர்ற வழியில தட்டுவடை செட்டு. (சேலத்துக்காரங்க இந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போயிடலாம். மத்தவங்களுக்காக: ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல துருவின கேரட், பீட்ரூட், வெங்காயம், சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி. அப்படியே முழுசா வாயில தள்ளணும். கடிச்சுச் சாப்பிட்டா சட்டைக்குத்தான் போகும்.) அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை ஏற்காடு. அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தெல்லாம் யாருக்கு வேணும்!

இப்ப எதுக்கு இந்தக் கொசுவத்தியைச் சுத்துறேன்னா, 2024 கோடையில இந்த லிஸ்டை மொத்தமா மாத்தி எழுத வேண்டி வந்துச்சு.

அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சர்க்கரை. அது மெதுவா கிட்னியைப் பாத்துக்கிச்சு. 2023 கடைசியில டயாலிசிஸ் ஆரம்பிச்சாங்க. செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். நான் வீட்டுலேர்ந்தே வேலை பாக்கலாம்னு ஆபீஸ்ல ஒத்துக்கிட்டதால, சென்னையை மூட்டை கட்டிட்டு ரங்கமணி, பையன் சகிதமா சேலத்துக்கே வந்துட்டோம். மார்கழி, தையெல்லாம் ஒரு மாதிரி ஓடிடுச்சு. மாசி கடைசியிலதான் உறைச்சது, ஐயோ, கோடை வருதே!

ஏன்னா டாக்டர் அப்பாவுக்குக் கொடுத்த கணக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். தண்ணி மட்டும் இல்லீங்க, காபி, ரசம், குழம்பு, மோர், மாத்திரை முழுங்குற ஒரு வாய் எல்லாம் சேத்து ஒரு லிட்டர். அதுக்கு மேல உள்ள போறது வெளிய போக வழி இல்லாம உடம்புலயே தங்கிடும். ஒரு லிட்டர் தண்ணின்னா ஒரு கிலோ எடை. அடுத்த டயாலிசிஸுக்குப் போனதும் முதல் வேலையா எடை மெஷின்ல ஏத்துவாங்க. ரெண்டு கிலோவுக்குள்ள ஏறியிருந்தா சிஸ்டர் சிரிப்பாங்க. தாண்டினா திட்டு.

அது போதாதுன்னு பொட்டாசியம். ரத்தத்துல அது ஏறினா இதயத்துடிப்பே தடுமாறும்னு சொல்லிட்டாங்க. அதனால இளநீர் கூடவே கூடாது. மாம்பழம், வாழைப்பழம், தர்பூசணி, எல்லாத்துக்கும் தடா. உப்பும் கம்மி, உப்பு ஏறினா தாகம் ஏறும். யோசிச்சுப் பாருங்க, கோடையில மனுசன் ஆசைப்படுற அத்தனையும் அந்தத் தடா லிஸ்ட்ல இருந்துச்சு. ஏதோ கோடைக்குன்னே தேடி எழுதின மாதிரி.

அப்பா ஆரம்பத்துல இதைச் சிரிச்சுக்கிட்டேதான் எடுத்துக்கிட்டார். "நாப்பது வருசம் மில்லிகிராம் கணக்கு பாத்தவன் நானு. எனக்கே அளவு சொல்லித் தர்றியா?" டாக்டர்கிட்டயே ஒரு நாள் கேட்டார், "ஏனுங்க, வேர்வையில போறதைச் சேதாரம்னு கழிச்சுக்க மாட்டீங்களா?" (நகைத் தொழில்ல உருக்கும்போதும் ராவும்போதும் போற எடைக்குச் சேதாரம்னு ஒரு கழிவு உண்டு.) டாக்டரும் சிரிச்சுட்டார். ஆனா கழிக்கலை.

அளவுக்கு அதிகாரி எங்க பையன். ஆறாம் கிளாஸ் போகப் போறவன். ஒரு லிட்டர் பாட்டில்ல மார்க்கர் பேனாவால நூறு நூறு மில்லியா கோடு போட்டான். காலையில பாட்டிலை நிரப்பி வெப்பான். தாத்தா நூறு மில்லி காபி குடிச்சா, பாட்டில்லேர்ந்து நூறு மில்லியை எடுத்து துளசிக்கு ஊத்திடுவான். மோர் சாப்பிட்டா அதுக்கும் அதே கதி. பாட்டில்ல மிச்சம் இருக்கிறதுதான் ராத்திரி வரைக்கும். ரொம்பக் கறார். அந்த வருஷம் எங்க துளசிச் செடி மாதிரி தளதளன்னு வளந்த துளசியை நீங்க பாத்திருக்க முடியாது!

இப்படியே ஓட்டிடலாம்னு நினைச்சோம். ஏப்ரல் கடைசியில சேலத்துல வெயில் 41 டிகிரியைத் தாண்டிடுச்சு. ராத்திரி பத்து மணிக்குக் கூட சுவத்துல கை வெச்சா சுட்டுச்சு.

ஏப்ரல் 29, திங்கக்கிழமை. சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவுல வர்ற நீளமான இடைவெளி அது. ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா கதவைத் தட்டினாங்க. அப்பா கட்டில்ல உக்காந்திருந்தார். படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தாலும் இழுக்குது. வாயைத் திறந்து திறந்து காத்தைத் தேடுறார். அந்தச் சத்தத்தை நான் இங்க எழுதப் போறதில்லை.

அப்பவே தூக்கிட்டு ஓடினோம். நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சாம். அவசரமா மெஷின்ல போட்டாங்க. எடை மூணரைக் கிலோ ஏறியிருந்துச்சு.

விடிஞ்சதும் காரிடார்ல உக்காந்திருந்தப்ப அம்மாதான் சொன்னாங்க. "நான்தான் குடுத்தேன் கண்ணு. ரெண்டு நாளா. சொம்புல. மாம்பழமும் ரெண்டு அறுத்துக் குடுத்தேன். கேட்டாரு. கல்யாணம் ஆகி இத்தினி வருசத்துல, அவரு வாசப்படியில வந்து நின்னு நான் தண்ணி இல்லீன்னு சொன்னதே இல்ல."

என்னத்தச் சொல்ல? கோவம்தான் வந்துச்சு. அம்மா மேல கத்தினேன். ஆஸ்பத்திரி காரிடார்னு கூடப் பாக்காம கத்தினேன். அதை நினைச்சா இப்பவும் கூசுது.

வீட்டுக்கு வந்து நான் போட்டேன் பாருங்க ஒரு ஊரடங்கு! பழம்னு ஒண்ணு இந்த வீட்டுப் படியேறக் கூடாது. பானையைக் கவுத்துப் பரண் மேல வெச்சாச்சு. சொம்பைப் பூட்டியாச்சு (நெஜமாவே பீரோவுல வெச்சுப் பூட்டினேங்க). வடாம் கிடையாது. மோர் கிடையாது. யாரும் அப்பா முன்னாடி தண்ணி குடிக்கக் கூடாது. ரங்கமணி பாத்ரூமுக்குள்ள போய்த் தண்ணி குடிச்சுட்டு வாயைத் தொடைச்சுக்கிட்டு வருவார். பையன் எதிர்வீட்டுல தர்பூசணி தின்னுட்டு சட்டையில கறையோட வந்து முழிப்பான். அம்மா வாயே திறக்கலை. அப்பா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு சுவத்தைப் பாத்தே படுத்திருந்தார். எடை மட்டும் ஒழுங்கா இருந்துச்சு. நான் ஜெயிச்சுட்டேன்னுதான் நினைச்சேன்.

மே 5, ஞாயித்துக்கிழமை. கத்திரி ஆரம்பிச்சு ரெண்டாம் நாள். சாயங்காலம் அப்பா எழுந்து உக்காந்து எல்லாரையும் கூப்பிட்டார்.

"வாயைக் கட்டச் சொன்னது எனக்கு. நீங்க எல்லாம் எதுக்கு வாயைக் கட்டிக்கிட்டுத் துக்கம் காக்குறீங்க? நான் இன்னும் போகலை."

யாரும் பேசலை.

"வீட்டுல மாம்பழ வாசம் இல்லாத மே மாசத்தை நான் பாத்ததே இல்ல கண்ணு. திங்கத்தான் கூடாதுன்னாங்க. மோந்து பாக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா? வண்டியை எடு. சின்னக்கடை வீதிக்குப் போலாம்."

போனோம். பையனும் தொத்திக்கிட்டான்.

சின்னக்கடை வீதியில சீசன் நேரத்துல நுழைஞ்சீங்கன்னா கண்ணை மூடிக்கிட்டே நடக்கலாம், மூக்கே வழி காட்டும். குண்டு, செந்தூரா, கிளிமூக்கு, இமாம்பசந்து, அல்போன்சா, நடுசாலைன்னு குமிச்சு வெச்சிருப்பாங்க. மல்கோவா மட்டும் கொஞ்சம் லேட்டாத்தான் வரும். அப்பா அங்க கால் வெச்சதும் ஆளே மாறிட்டார். ஒரு வாரமா சுவத்தைப் பாத்துப் படுத்திருந்த மனுசன், கடைக்காரர்கிட்ட, "என்னங்க, எல்லாம் ஒரே மஞ்சளா இருக்கு, பெயிண்ட் அடிச்சீங்களா?"ன்னு ஆரம்பிச்சுட்டார்.

பையனுக்குப் பாடம் வேற. "நிறத்தைப் பாத்து ஏமாறாத சாமி. கல்லு வெச்சுப் பழுக்க வெச்சா மேல மஞ்சளா இருக்கும், காம்புக்கிட்ட வாசமே வராது, உள்ள புளிக்கும். கன்னத்துல பாக்காத, காம்புக்கிட்ட மோந்து பாரு." (கார்பைடு கல்லு வெச்சுப் பழுக்க வைக்கிறது சட்டப்படி தடை. எத்திலீன் வாயுவை அளவா வெச்சுப் பழுக்க வைக்கத்தான் அனுமதி. ஆனாலும் அதிகாரிங்க வருஷா வருஷம் சோதனை போட வேண்டியிருக்கு.) அப்புறம் ஒரு செந்தூராவைக் கையில வெச்சு லேசா ஏத்தி இறக்கிப் பாத்துட்டுச் சொன்னார், "இருநூத்திப் பத்து."

கடைக்காரர் சிரிச்சுக்கிட்டே தராசுல வெச்சார். 212.

அடுத்தது ஒரு குண்டு. "முன்னூத்தி நாப்பது." 345. "கண்ணு சரியாத் தெரியலை, அஞ்சு கிராம் போயிடுச்சு"ன்னு அப்பா. கண்ணுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்னு நான் கேக்கலை. பக்கத்துக் கடை ஆளுங்க கூடிட்டாங்க. ஆளுக்கு ஒரு பழமா எடுத்து நீட்டுறாங்க. பையன் மூஞ்சியைப் பாக்கணுமே, எங்க தாத்தா எங்க தாத்தான்னு பூரிப்பு. ஒரு பழம் கூட வாயில வைக்காம அப்பா அன்னிக்கு அந்த வீதியில ஒரு மணி நேரம் மாம்பழம் சாப்பிட்டார்னுதான் சொல்லணும்.

வர்ற வழியில ரோட்டோரம் மண்பானைக் கடை. பெரிய பானை வேண்டாம்னுட்டு, அப்பாவே ஒரு மண் பாட்டில் எடுத்தார். சரியா ஒரு லிட்டர் பிடிக்கும். கூட ஒரு கட்டு வெட்டிவேர், ரெண்டு பனையோலை விசிறி. கோடை ஷாப்பிங் முடிஞ்சது, மொத்தமா ஐநூறு ரூபாய் கூட ஆகலை. வீட்டுக்கு வந்ததும் பையனுக்குப் பெரிய சந்தேகம். மண் பாட்டில் எப்படி தண்ணியைக் குளிர வைக்குதுன்னு ஸ்கூல்ல படிச்சிருக்கான், நுண்துளை வழியா தண்ணி கசிஞ்சு ஆவியாகும்போது உள்ள இருக்கிற சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போகும்னு. "அப்ப கசியுற தண்ணியும் தாத்தா கணக்குலதான் குறையும். பாவம்ல?"

"பரவாயில்ல சாமி. அது பானைக்குச் சேதாரம்."

அன்னிக்கு ராத்திரி பீரோவைத் திறந்து சொம்பை எடுத்து வெளிய வெச்சேன். அம்மா பாத்தாங்க. ஒண்ணும் சொல்லலை. நானும் மன்னிப்புக் கேக்கலை. கேட்டிருக்கணும். மறுநாள் காலையில அம்மாகிட்ட, "ஜவ்வரிசி எங்கம்மா இருக்கு?"ன்னு மட்டும் கேட்டேன். அவங்களுக்குப் புரிஞ்சுடுச்சு.

ஏன் ஜவ்வரிசின்னா, சேலத்தோட பேர் சொல்லுற பொருள் அத்தனையும் அப்பாவுக்குத் தடா ஆயிடுச்சே, எதாவது ஒண்ணு மிஞ்சுமான்னு டயட்டீஷியன்கிட்ட கேட்டிருந்தேன். அவங்க சிரிச்சுக்கிட்டே, "ஜவ்வரிசி இருக்கே!"ன்னாங்க. மரவள்ளிக் கிழங்கை அரைச்சு, பாலெடுத்து, அடியில தங்குற மாவை மட்டும் எடுத்துத்தானே ஜவ்வரிசி பண்றாங்க. கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து. பொட்டாசியம் ரொம்ப ரொம்பக் கம்மி. நாட்டுக்கே ஜவ்வரிசி அனுப்புற ஊரு நம்ம ஊரு. 1981-லேர்ந்து இங்க இதுக்குன்னு சேகோசர்வ்னு கூட்டுறவு சங்கமே இருக்கு. 2023-ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது. இத்தனை நாளா பெருமை தெரியாம பாயசத்துல போட்டுத் தின்னுக்கிட்டிருந்திருக்கோம்!

எங்க வீட்டு வடாம் அளவு: ஒரு கப் ஜவ்வரிசியை ராத்திரியே ஊற வெச்சுடணும். மறுநாள் விடியக்காலம், ஊறின தண்ணியையும் சேத்து அஞ்சாறு கப் தண்ணியில, அடி பிடிக்காமக் கிளறிக் கிளறிக் கஞ்சியாக் காய்ச்சணும். முத்தெல்லாம் கண்ணாடி மாதிரி தெரிஞ்சா வெந்துடுச்சுன்னு அர்த்தம். பச்சை மிளகாய் விழுது, சீரகம், துளி பெருங்காயம். இறக்கி ஆறினதும் எலுமிச்சம்பழம் பிழியணும். மொட்டை மாடியில பழைய வேட்டியை விரிச்சு நாலு மூலைக்கும் கல்லு வெச்சு, கரண்டி கரண்டியா ஊத்தணும். மறுநாள் வேட்டியைத் திருப்பி, பின்பக்கம் தண்ணி தெளிச்சு உரிச்சு, இன்னும் ரெண்டு நாள் காயவிடணும். காக்காய் காவலுக்கு வீட்டுல ஒரு பொடியன் இருக்கணும்.

உப்பு? ரெண்டு வேட்டி விரிச்சோம். ஒண்ணு எங்களுக்கு உப்புப் போட்டது. ஒண்ணு அப்பாவுக்கு உப்பில்லாதது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே"ன்னு அப்பா நக்கலடிச்சார். பொரிச்சு நீட்டினேன். மிளகாய்க் காரமும் எலுமிச்சைப் புளிப்பும் சேந்து உப்பு இல்லாத குறையை முக்காவாசி மறைச்சுடுச்சு. நொறுக்கு நொறுக்குன்னு மூணு சாப்பிட்டுட்டு, "குப்பை நல்லாத்தான் இருக்கு"ன்னார் :-)

அதுக்கப்புறம் சமையலே ஒரு விளையாட்டு மாதிரி ஆயிடுச்சு. புடலங்காய், சுரைக்காயைப் பொடியா நறுக்கி, நிறையத் தண்ணியில வேகவெச்சு, தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டுத் தாளிப்போம் (பொட்டாசியம் பாதி அந்தத் தண்ணியோட போயிடும்). குழம்பை ஊத்திப் பிசையாம, கரண்டியில எடுத்துத் தொட்டுக்கிட்டுச் சாப்பிடுவார். வெள்ளரிக்காய் தோல் சீவி ரெண்டே ரெண்டு துண்டு, குளிரக் குளிர. பையன் குட்டி ஐஸ் தட்டு ஒண்ணு வாங்கி, மருந்து மூடியில அளந்து ஒரு கட்டிக்குப் பத்து மில்லின்னு ஊத்தி உறைய வெச்சான். பத்து மில்லித் தண்ணியைக் குடிச்சா நாக்கு நனையறதுக்குள்ள காணாமப் போயிடும். அதையே ஐஸா வாயில போட்டா அஞ்சு நிமிஷம் நிக்கும். அதுல எலுமிச்சை ரெண்டு சொட்டு, ஒரு புதினா இலை. அப்பா அதை வாயில ஒதுக்கிக்கிட்டு, கண்ணை மூடி, ஈஸி சேர்ல சாஞ்சுக்கிட்டு இருப்பார். முடிஞ்சதும் வருமே ஒரு 'ஹாஆஆ'! பத்து மில்லிக்கு அதே பழைய 'ஹாஆஆ'. அடுப்படியிலேர்ந்து அதைக் கேட்டுட்டு அம்மா என்னைப் பாத்தாங்க. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கலை.

லிஸ்ட்ல மிச்சம் இருந்தது ஏற்காடு.

ரங்கமணிக்கு பயம். எனக்கும்தான். டாக்டர்கிட்ட கேட்டோம். சனிக்கிழமை டயாலிசிஸ் முடிச்சு மறுநாள் போறதுன்னா போங்க, ராத்திரி தங்காதீங்க, பாட்டில் கூட வரணும்னார். மே 12 ஞாயிறு, காலையில அஞ்சரைக்கே கிளம்பிட்டோம். சீக்கிரம் போகலேன்னா வண்டி வரிசையில மாட்டிக்குவோம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அந்த மே 7-லேர்ந்து இ-பாஸ் கட்டாயம்னு ஆக்கிட்டாங்க, அந்தக் கூட்டமும் இந்தப் பக்கம் திரும்பிடும்னு ரங்கமணி கணக்கு. சேலத்துலேர்ந்து முப்பது கிலோமீட்டர்தான், கொண்டை ஊசி வளைவு இருபது. பையன் ஒவ்வொண்ணா சத்தமா எண்ணிக்கிட்டே வந்தான். பன்னெண்டாவதுல ஜன்னலை இறக்கினோம். காத்து ஜில்லுனு மூஞ்சியில அடிச்சுது. அப்பா தலையை வெளிய நீட்டாத குறை.

பெருசா ஒண்ணும் சுத்தலீங்க. ஏரிக்கரையில கொஞ்சம் உக்காந்தோம். படகெல்லாம் பையனும் ரங்கமணியும் மட்டும். அப்புறம் லேடீஸ் சீட். அங்கேர்ந்து பாத்தா கீழ சேலம் மொத்தமும் புழுதி மூட்டத்துக்குள்ள படுத்திருக்கும். அப்பா விரலை நீட்டி, "அதோ, அந்தப் பக்கம்தான் செவ்வாய்பேட்டை. நாப்பது வருசம் அந்த வெக்கைக்குள்ள உக்காந்திருக்கேன். இங்கேர்ந்து பாத்தா உள்ளங்கையில வெச்சு எடை போட்டுடலாம் போல இருக்கு"ன்னார்.

காபி குடிக்காம ஏற்காட்டுலேர்ந்து இறங்க முடியுமா? 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் இங்க காபிச் செடியைக் கொண்டாந்தார்னு சொல்லுவாங்க. அந்தப் புண்ணியவான் பேரைச் சொல்லி அம்பது மில்லி காபி. குட்டி டம்ளர்ல வாங்கி, வெள்ளிக்கம்பியை நெருப்புல காட்டுற மாதிரி நிதானமா, இருபது நிமிஷம் குடிச்சார். எங்க காபி எல்லாம் எப்பவோ தீந்துபோச்சு, எப்படி இருந்துச்சுன்னே எனக்கு ஞாபகம் இல்ல. அவரைக் கேட்டா இன்னிக்கும் சொல்லுவார்.

நாலு மணிக்கு இறங்கும்போது பையன்தான் கவனிச்சான். "அம்மா, பாட்டில்ல இன்னும் நானூறு மில்லி இருக்கு!" வழக்கமா மத்தியானத்துக்கே அந்தக் கோட்டைத் தொட்டுடும். குளிர்ல தாகமே எடுக்கலை அவருக்கு. "ஐயோ, மிச்சத்தை என்ன பண்றது?"ன்னு அப்பா திருதிருன்னு முழிச்சார். கையில காசு நிறைய இருந்து கடையே இல்லாத மாதிரி :-) குப்பனூர் வழியா இறங்கி, ஒரு மாந்தோப்பு ஓரமா வண்டியை நிறுத்தி, ஒரு முழு டம்ளர், இருநூறு மில்லி ஊத்திக் கொடுத்தோம். இல்ல, தப்பாச் சொல்றேன். அம்மாதான் ஊத்தினாங்க. வீட்டுலேர்ந்து அந்தச் சொம்பை ஒரு துணியில சுத்திக் கையோட எடுத்துட்டு வந்திருந்தாங்க. யாருக்கும் தெரியாது. இருநூறு மில்லியைச் சொம்புல ஊத்தி நீட்டினாங்க. அப்பா நின்னுக்கிட்டே வாங்கி, அண்ணாந்து குடிச்சார். நான் எண்ணினேன். அஞ்சு தடவைதான் தொண்டை ஏறி இறங்கிச்சு.

அந்தச் செவ்வாய்க்கிழமை எடை 1.8 தான் ஏறியிருந்துச்சு. சிஸ்டர் சிரிச்சாங்க.

மே நடுவுல கோடை மழை வந்து ஊரைக் கொஞ்சம் ஆத்திடுச்சு. மாசக் கடைசி ரிப்போர்ட்ல பொட்டாசியமும் கட்டுக்குள்ள இருந்துச்சு. டாக்டர் மூஞ்சி நல்லா இருந்த நேரமாப் பாத்து அப்பாவே கேட்டுட்டார், "சீசன் முடியப் போகுதுங்க..." டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். கடைசியில, டயாலிசிஸ்ல படுத்து மெஷின் ஓட ஆரம்பிச்ச முதல் மணி நேரத்துல, ஒரே ஒரு சின்னத் துண்டு சாப்பிடுங்கன்னார். உள்ள போற பொட்டாசியத்துல கொஞ்சத்தை மெஷின் அங்கயே எடுத்துடுமாம்.

ஜூன் 8, சனிக்கிழமை. திங்கக்கிழமை பையனுக்கு ஸ்கூல் திறக்குது. எங்க கோடையோட கடைசிச் சனிக்கிழமை. முதல் நாள் சாயங்காலம் அப்பாவே கடைவீதிக்கு வந்து மோந்து மோந்து ஒரு மல்கோவா எடுத்துக் கொடுத்திருந்தார். அதை நான் அறுத்து, சமையல் தராசுல வெச்சு அறுபது கிராம் துண்டு ஒண்ணை டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போனேன்.

ஊசி குத்தின இடது கை அசையக் கூடாது. வலது கையில துண்டை வாங்கினார். உள்ளங்கையில வெச்சு லேசா ஏத்தி இறக்கினார். "அம்பத்தெட்டு." சிஸ்டருக்குச் சிரிப்பு தாங்கலை. "இல்லப்பா, அறுபது"ன்னேன். "டப்பாவுல சாறு ஒட்டியிருக்கும் பாரு, அது ரெண்டு கிராம்." டப்பாவைப் பாத்தேன். ஒட்டியிருந்துச்சு.

கண்ணை மூடிக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா, அந்த அறுபது கிராமை எவ்வளவு நேரம் சாப்பிட்டார்னு நான் பாக்கலை. மெஷின்ல ஓடுற குழாயைப் பாத்துக்கிட்டு நின்னேன். கண்ணு கலங்கினா அவருக்குப் பிடிக்காது.

முடிச்சுட்டு விரலைத் தொடைச்சுக்கிட்டே கேட்டார், "கொட்டையை யாரு சாப்பிட்டா?"

எங்க வீட்டுல மாம்பழம் அறுத்தா கொட்டை எப்பவும் அப்பாவுக்குத்தான். கன்னம் ரெண்டும் எனக்கும் தங்கச்சிக்கும். அப்பாவுக்குக் கொட்டைதான் பிடிக்கும்னே ரொம்ப வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன். எனக்குப் பையன் பொறந்து, நானும் மாம்பழம் அறுக்க ஆரம்பிச்சப்புறம்தான் அது என்ன கணக்குன்னு புரிஞ்சுது.

"நான்தான்ப்பா சாப்பிட்டேன்."

"நல்லா சப்பினயா?"

"ம்."

"அதுலதான் கண்ணு ருசியே"ன்னுட்டு மறுபடி கண்ணை மூடிக்கிட்டார்.

பி.கு: மேல எழுதின அளவு, பழம், பண்டம் எல்லாம் எங்கப்பாவோட ரிப்போர்ட்டைப் பாத்து அவரோட டாக்டரும் டயட்டீஷியனும் அவருக்குன்னு சொன்னது. கிட்னிக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் கணக்கு வேற. தயவுசெஞ்சு உங்க டாக்டரைக் கேக்காம எதையும் செஞ்சுடாதீங்க. உப்புப் போட்ட வடாமை மட்டும் யாரு வேணா எங்க வீட்டுக்கு வந்து சாப்பிடலாம் :-)